ஆளுமைத் தேர்வு வைத்தால் நல்ல போலீஸை முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியுமா?

நீங்கள் கேட்டது இது: அமெரிக்காவில் போலீஸ் வேலையில் சேர ஆளுமைத் தேர்வு வைக்கிறார்களாமே, அதை வைத்து ஒருவர் பின்னாளில் எப்படி வேலை பார்ப்பார் என்று உண்மையிலேயே சொல்ல முடியுமா? முடியும் என்றால் நம் ஊரிலும் வைத்தால் ஸ்டேஷனில் அடிப்பது குறையாதா? பார்க்க ஒரே கேள்வி மாதிரி இருந்தாலும் உள்ளே மூன்று கேள்விகள் இருக்கின்றன. துப்பாக்கியைக் கையில் கொடுக்கவே கூடாத மனநிலையில் இருப்பவரைக் கண்டுபிடிக்க முடியுமா என்பது ஒன்று. யார் நல்ல காவலராக வருவார் என்று வரிசைப்படுத்த முடியுமா என்பது இன்னொன்று. யார் பின்னால் கைநீட்டுவார், யார் மாமூல் வாங்குவார் என்று சேரும்போதே பிடித்துவிட முடியுமா என்பது மூன்றாவது. முதலாவது ஓரளவு முடியும். இரண்டாவது கொஞ்சம்தான் முடியும். மூன்றாவது, நீங்கள் மனதில் வைத்திருக்கும் அர்த்தத்தில், முடியாது. உங்கள் கேள்வியின் அக்கறை மூன்றாவதில் இருப்பது தெரிகிறது. ஆனாலும் மற்ற இரண்டையும் சொல்லாமல் அதற்குப் போக முடியாது.

நான் படித்தது பணியாளர் தேர்வு உளவியல். வேலைக்கு ஆள் எடுக்கும் சோதனைகளைத் தயாரிப்பதும், சோதனை சொன்னது பலித்ததா என்று சில வருடம் கழித்துக் கணக்குப் பார்ப்பதும்தான் தொழில். மனநோய்க்கு மருத்துவம் பார்ப்பவன் இல்லை. இந்தியாவில் எந்தக் காவல் துறைக்கும் ஆள் எடுத்துக் கொடுத்ததும் இல்லை. அதனால் அமெரிக்காவைப் பற்றிச் சொல்வதை ஆய்வுகளின் பலத்தில் சொல்கிறேன். நம் ஊரைப் பற்றிச் சொல்லும் இடங்களில் அது என் தொழில் அனுபவத்திலிருந்து வரும் கருத்து என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு திருத்தம். அமெரிக்காவில் நாடு முழுக்க ஒரே சட்டம் கிடையாது. மாநிலத்துக்கு மாநிலம் மாறும், சில இடங்களில் ஊருக்கு ஊர் மாறும். ஆனால் பெரிய நகரக் காவல் துறைகளில் ஏதாவது ஒரு உளவியல் பரிசோதனை இல்லாமல் வேலைக்கு எடுப்பது அபூர்வம்.

இந்தப் பழக்கத்துக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது. 1916-ல் கலிபோர்னியாவின் சான் ஹோசே நகரத்தில் போலீஸ், தீயணைப்பு வேலைகளுக்கு விண்ணப்பித்த 30 பேருக்கு, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் லூயிஸ் டெர்மன் நுண்ணறிவுச் சோதனை வைத்தார். சராசரி ஐ.க்யூ. 84 வந்தது. 80-க்குக் கீழே இருப்பவர்களை எடுக்க வேண்டாம் என்று சொல்லி 1917-ல் கட்டுரையும் வெளியிட்டார். 80-க்குக் கீழே எடுத்தவர்கள் வேலையில் சேர்ந்து சரியாக வரவில்லை என்று காட்டும் தரவு எதுவும் அவர் கையில் இல்லை. சோதனை வைத்த கையோடு கோட்டையும் போட்டுவிட்டார். ஆள் தேர்வுச் சோதனை என்று யார் எதைக் கொண்டு வந்தாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: எடுத்த ஆட்களை அப்புறம் பின்தொடர்ந்து பார்த்தீர்களா?

அறிவிலிருந்து ஆளுமைக்குக் கவனம் நகர்ந்தது 1950-களில். லாஸ் ஏஞ்சலஸ் காவல் துறை அந்தப் பத்தாண்டின் தொடக்கத்திலேயே விண்ணப்பதாரர்களுக்கு மனநலப் பரிசோதனை வைக்க ஆரம்பித்துவிட்டது. இந்த ஊரின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருகிறேன். அப்புறம் 1967-ல் குற்றத் தடுப்பு பற்றி அமெரிக்க அதிபர் அமைத்த ஆணையம், காவலர் தேர்வில் உளவியல் சோதனைகள் வேண்டும் என்று சொன்னது. 1973-ல் இன்னொரு தேசிய ஆணையமும் அதையே சொல்ல, நாடு முழுக்கப் பரவிவிட்டது.

அதிகம் பயன்பட்ட சோதனை எம்.எம்.பி.ஐ. மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஹாத்வே, மெக்கின்லி என்ற இருவர் உருவாக்கி 1943-ல் வெளியானது. நோயாளிகளின் மனநோயை இனம் காண மருத்துவமனைக்காகச் செய்தது. போலீஸுக்கு ஆள் எடுக்கச் செய்ததே இல்லை. 1989-ல் வந்த இரண்டாம் பதிப்பில் 567 வாக்கியங்கள். 2020-ல் வந்த மூன்றாம் பதிப்பில் 335. ஒவ்வொன்றுக்கும் 'சரி' அல்லது 'தவறு' என்று குறிக்க வேண்டும், அவ்வளவுதான். தூக்கம் எப்படி, அப்பா அம்மாவோடு எப்படி, கூட்டத்தில் பேச வருமா, யாராவது தனக்கு எதிராகச் சதி செய்வதாகத் தோன்றுமா என்கிற ரகத்தில் போகும். ஒவ்வொரு அளவுகோலிலும் சராசரி மனிதரின் மதிப்பெண் 50 என்று வைத்திருக்கிறார்கள். 65-ஐத் தாண்டினால் கவனிக்க வேண்டிய விஷயம்.

இந்தச் சோதனையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, எழுதுகிறவர் உண்மையாக எழுதுகிறாரா என்று பார்க்கும் அளவுகோல்கள். சாதாரண மனிதர் எல்லோரிடமும் இருக்கும் சின்னச் சின்னக் குறைகளைப் பற்றி ஆங்காங்கே கேட்டிருப்பார்கள். எனக்குக் கோபமே வராது, யாரைப் பற்றியும் புறம் பேசியதே இல்லை என்கிற மாதிரி வரிசையாகக் குறித்துக்கொண்டே போனால், 'எல்' என்ற அளவுகோலில் மதிப்பெண் ஏறும். போலீஸ் வேலைக்கு வருகிறவர்களுக்கு இது பெரும்பாலும் கொஞ்சம் ஏறித்தான் இருக்கும். வேலை வேண்டுமே, தன்னை நல்லவனாகக் காட்டத்தான் பார்ப்பார்கள். அதே காரணத்தால் நோயைக் காட்டும் மற்ற அளவுகோல்களில் அவர்கள் மதிப்பெண் பொதுமக்களின் சராசரியைவிடக் கீழே விழும். 65-ஐத் தொடுகிறவர் மிகக் குறைவு. அதனால்தான் இப்போதெல்லாம் பொதுமக்களோடு ஒப்பிடாமல் மற்ற போலீஸ் விண்ணப்பதாரர்களோடு ஒப்பிடுகிறார்கள். 65-ஐத் தொடாவிட்டாலும், கூட வந்த விண்ணப்பதாரர்களைவிடத் தெளிவாக மேலே நிற்கும் ஒருவருக்குப் பின்னால் வேலையில் சிக்கல் வர வாய்ப்பு கூடுதல் என்று சமீபத்திய பதிப்புகளை வைத்து நடந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

ஆக, முதல் கேள்விக்குப் பதில் இது. தீவிரமான மனநலப் பிரச்சினை இருப்பவரை, அனுபவமுள்ள உளவியலாளரின் நேர்காணலோடு சேர்த்து வைத்தால், இந்தச் சோதனை ஓரளவு காட்டிக்கொடுக்கும். அரிசியில் கல் பொறுக்குவது ஒரு வேலை. எந்த அரிசி நன்றாகப் பொங்கும் என்று சொல்வது வேறு வேலை. எம்.எம்.பி.ஐ. கல் பொறுக்கச் செய்தது.

இரண்டாவது வேலைக்கு வேறு சோதனைகள் வந்தன. பெர்க்லியில் ஹாரிசன் கஃப் உருவாக்கிய சி.பி.ஐ. என்ற சோதனை (நம் ஊர் சிபிஐ இல்லை, கலிபோர்னியா உளவியல் சோதனை) நோயைத் தேடாமல் பொறுப்புணர்வு, சுயக்கட்டுப்பாடு, சமூக விதிகளை மதிக்கும் குணம் போன்றவற்றை அளக்கிறது. ராபின் இன்வால்ட் என்ற உளவியலாளர் 1980-ஐ ஒட்டி காவல், சிறைப் பணிகளுக்கென்றே ஒரு சோதனை செய்தார். 310 கேள்விகள், 26 அளவுகோல்கள். அவருடைய யோசனை எனக்குச் சரியாகப் பட்டது. மனதின் ஆழத்தைத் துருவுவதைவிட நடந்ததைக் கேட்பது: முன் வேலையில் தகராறு உண்டா, அடிக்கடி லீவு போடுவீர்களா, வண்டி ஓட்டி அபராதம் கட்டியிருக்கிறீர்களா, குடிப்பீர்களா.

எது எவ்வளவு பலிக்கிறது? இங்கே உறுதியாகச் சொல்லக்கூடிய விஷயம் ஒன்று இருக்கிறது. 1991-ல் பேரிக், மவுண்ட் என்ற இருவர் பல ஆய்வுகளைத் தொகுத்து எழுதிய கட்டுரை எங்கள் துறையில் எல்லோரும் படித்தது. ஐந்து பெரிய ஆளுமைக் கூறுகளில், பொறுப்புணர்வு ஒன்றுதான் போலீஸ் உட்பட அவர்கள் பார்த்த எல்லா வேலைப் பிரிவுகளிலும் வேலைத் திறனோடு தொடர்பு காட்டியது. ஒட்டுறவு, அதாவது இரண்டு விஷயங்கள் எவ்வளவு சேர்ந்து போகின்றன என்பதன் அளவு (0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுத் தொடர்பு), 0.2-ஐ ஒட்டி. போலீஸில் உணர்ச்சி நிதானம், கலகலப்பு, இணங்கிப் போகும் குணம் எல்லாம் அதில் பாதி அளவுக்குத்தான் வந்தன. 2004-ல் காவல் துறைகளை மட்டும் எடுத்து வெளிவந்த ஒரு தொகுப்பாய்வும் இதையே சொன்னது: தொடர்பு உண்டு, ஆனால் சிறியது. சி.பி.ஐ. கொஞ்சம் மேல், எம்.எம்.பி.ஐ.யும் இன்வால்டும் கொஞ்சம் கீழ். அதில் இன்னொரு விஷயமும் இருந்தது. ஏற்கெனவே வேலையில் இருப்பவர்களுக்குச் சோதனை வைத்து அவர்களின் இப்போதைய வேலையோடு ஒப்பிட்டால் தொடர்பு நன்றாக வருகிறது. புதிதாகச் சேர்கிறவர்களுக்கு வைத்து, வருடங்கள் கழித்துப் பார்த்தால் குறைந்துவிடுகிறது. உங்களுக்கு வேண்டியது இந்த இரண்டாவது கணக்குதான்.

0.2 என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அது வெறும் எண்ணாகவே நிற்கும். விண்ணப்பதாரர்களைச் சோதனை மதிப்பெண்படி மேல் பாதி, கீழ்ப் பாதி என்று பிரித்துக்கொள்ளுங்கள். மேல் பாதியிலிருந்து வருகிற 100 பேரில் ஏறக்குறைய 56 பேர் வேலையிலும் மேல் பாதியில் இருப்பார்கள், 44 பேர் இருக்க மாட்டார்கள். பூவா தலையா போட்டால் 50-50. ஆயிரக்கணக்கில் ஆள் எடுக்கும் துறைக்கு இந்த ஆறு பேர் வித்தியாசம் பிரயோஜனம்தான், அதை நான் அலட்சியப்படுத்தவில்லை. ஆனால் எதிரே உட்கார்ந்திருக்கும் ஒரு இளைஞரைப் பார்த்து 'நீ சரிப்பட மாட்டாய்' என்று அந்த மதிப்பெண்ணை மட்டும் வைத்துச் சொல்வது நியாயமே இல்லை.

ஏன் இவ்வளவு குறைவு என்பதற்குச் சோதனையின் குறை மட்டும் காரணம் இல்லை. மோசமான மதிப்பெண் வாங்கியவரை எடுக்கவே மாட்டார்கள்; ஆகவே அவர் எப்படி வேலை பார்த்திருப்பார் என்று யாருக்கும் தெரியப் போவதில்லை. மிச்சம் இருப்பவர்கள் எல்லோரும் ஏறத்தாழ ஒரே மாதிரி, அவர்களுக்குள் வித்தியாசம் காட்டுவது கஷ்டம். 1990-ல் வந்த ஊனமுற்றோர் உரிமைச் சட்டம் இதை இன்னும் இறுக்கியது. எம்.எம்.பி.ஐ. போன்றவை மருத்துவப் பரிசோதனைக் கணக்கில் சேர்வதால், நிபந்தனையோடு வேலை உத்தரவு கொடுத்த பிறகுதான் வைக்க முடியும். எழுத்துத் தேர்வு, உடற்தகுதி, பின்னணி விசாரணை எல்லாம் தாண்டி வந்தவருக்குத்தான் அது வைக்கப்படுகிறது. பல தடவை சலித்து முடித்த கூட்டத்தில் இந்தச் சல்லடைக்கு என்ன பெரிதாகச் சிக்கும்?

இதைவிடப் பெரிய சிக்கல், 'நல்ல போலீஸ்' என்பதை எதை வைத்து அளப்பது என்பது. பயிற்சிப் பள்ளி மதிப்பெண்ணை எடுத்தால் அது நினைவாற்றலையும் கீழ்ப்படிதலையும் காட்டும். ராத்திரி இரண்டு மணிக்குக் குடும்பச் சண்டையில் போய் நிற்கும்போது என்ன செய்வார் என்று காட்டாது. மேலதிகாரி போடும் மதிப்பெண்ணை எடுத்தால், தன் சொல் கேட்கிறவருக்கு அவர் நல்ல மார்க் போடுவார். பொதுமக்கள் புகாரை எடுத்தால், அமைதியான குடியிருப்பில் பகல் டியூட்டி பார்ப்பவருக்கும், அடிதடி நடக்கும் பேட்டையில் நைட் டியூட்டி பார்ப்பவருக்கும் ஒரே கணக்கு போட முடியாது. சுறுசுறுப்பாகப் பத்து பேரை மடக்குகிறவர் மீது புகாரும் வரும், பாராட்டும் வரும். எதிலும் தலையிடாமல் வண்டியிலேயே உட்கார்ந்திருப்பவரின் கோப்பு சுத்தமாக இருக்கும். ஆய்வுக் கட்டுரை எதைப் படித்தாலும், சோதனையின் பெயரைவிட, எந்த அளவை வைத்து 'வேலைத் திறன்' என்றார்கள் என்பதைத்தான் நான் நேரம் எடுத்துப் படிப்பேன். பாதி ஆய்வுகள் அங்கேயே பலமிழந்துவிடும்.

சரி, மூன்றாவது கேள்வி. லாஸ் ஏஞ்சலஸுக்குத் திரும்புவோம். 1991 மார்ச்சில் ராட்னி கிங் என்ற கறுப்பினத்தவரைக் காவலர்கள் நடுரோட்டில் தடியால் அடித்தது வீடியோவில் பதிவாகி உலகமே பார்த்தது. வாரன் கிறிஸ்டோபர் தலைமையில் அமைத்த விசாரணை ஆணையம் அந்தத் துறையின் புகார்ப் பதிவேடுகளை எடுத்துக் கணக்குப் போட்டது. 1986 முதல் 1990 வரை, அளவுமீறிய பலப்பிரயோகம் அல்லது முறையற்ற நடவடிக்கை என்று புகாருக்கு ஆளானவர்கள் சுமார் 1,800 காவலர்கள். அதில் 1,400-க்கும் மேற்பட்டவர்கள் மீது ஒன்றோ இரண்டோ புகார்தான். நான்கு அல்லது அதற்கு மேல் 183 பேர். ஆறு அல்லது அதற்கு மேல் 44 பேர். ஒருவர் மீது மட்டும் 16. இந்த 44 பேரும் உளவியல் பரிசோதனைக்குப் பெயர்போன ஒரு துறையில் சேர்ந்தவர்கள். சேரும்போது நடக்கும் உளவியல் மதிப்பீடு வன்முறைப் போக்கைக் கண்டுபிடிக்கப் போதுமானதாக இல்லை, விண்ணப்பதாரரின் கடந்தகால நடத்தைக்கு அதிக முக்கியத்துவம் கொடுங்கள், சேர்ந்த பிறகும் அவ்வப்போது பரிசோதியுங்கள் என்று ஆணையம் எழுதியது.

இன்னும் நல்ல சோதனை செய்திருந்தால் பிடித்திருக்கலாமே என்று தோன்றும். கணக்கு போட்டுப் பாருங்கள். துறையின் பலம் அப்போது எட்டாயிரத்துக்கு மேல். வசதிக்கு 8,000 என்றே வைப்போம். அந்த 44 பேரில் 80 சதவீதத்தைப் பிடிக்கும், மற்றவர்களில் 10 சதவீதத்தை மட்டுமே தவறாகச் சந்தேகிக்கும் ஒரு சோதனை இருப்பதாகக் கற்பனை செய்வோம். இவ்வளவு நல்ல சோதனை எங்கும் கிடையாது. அது 35 பேரைச் சரியாகப் பிடிக்கும். கூடவே ஏறக்குறைய 796 பேரைத் தவறாகச் சுட்டிக்காட்டும். சந்தேகப் பட்டியலில் இருக்கும் 24 பேரில் ஒருவர்தான் உண்மையான ஆள். எம்.எம்.பி.ஐ. பிறந்த அதே மின்னசோட்டாவில் இருந்த பால் மீல், ஆல்பர்ட் ரோசன் என்பவரோடு சேர்ந்து 1955-லேயே இந்தக் கணக்கை எழுதி வைத்தார்: தேடும் விஷயம் அபூர்வமாக இருக்கும்போது, நல்ல சோதனைகூடத் தவறான ஆட்களைத்தான் அதிகம் பிடிக்கும். எந்தத் தொழில்நுட்பம் வந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. செயற்கை நுண்ணறிவை வைத்து ஆளுமையைக் கணிக்கிறோம் என்று வருகிறவர்களிடமும் இதையே கேளுங்கள்.

அப்படியானால் எதுதான் உதவுகிறது? நடந்த காரியங்கள். நியூயார்க் காவல் துறையில் 1975-லிருந்து 1996 வரை தவறு காரணமாக வேலை இழந்த 1,543 காவலர்களை, அவர்களோடு அதே பேட்ச்சில் சேர்ந்த மற்றவர்களோடு ஒப்பிட்டு ஜேம்ஸ் ஃபைஃப், ராபர்ட் கேன் இருவரும் ஆய்வு செய்தார்கள். 22 வருடத்தில் பணியாற்றியவர்களில் இது இரண்டு சதவீதம் போலத்தான் வரும். மேலே சொன்ன அபூர்வக் கணக்கு இங்கேயும் பொருந்துகிறது. வேலையில் சேர்வதற்கு முன் போலீஸ் வழக்கில் சிக்கியது, முந்தைய வேலைகளில் ஒழுங்கு நடவடிக்கைக்கு ஆளானது போன்ற பதிவு இருந்தவர்கள் பின்னால் வேலை இழக்கும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. கூடுதலாகப் படித்தவர்களுக்கு அந்த வாய்ப்பு குறைவு. அதற்கும் முன்னால், 1957-ல் நியூயார்க்கில் சேர்ந்த சுமார் 1,900 காவலர்களை 11 வருடம் பின்தொடர்ந்த ராண்டு என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனத்தின் ஆய்வு ஒன்று உண்டு. அதில், சேர்வதற்கு முன் சேகரித்த விவரங்களைவிடப் பயிற்சிக் காலத்திலும் தகுதிகாண் பருவத்திலும் ஒருவர் நடந்துகொண்ட விதம் பின்னாளைய பணியை நன்றாகக் காட்டியது. எனக்கு இது ஆச்சரியமாக இல்லை. ஆறு மாதம் ஒருவர் வேலை பார்ப்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தால் கிடைக்கும் தகவல், ஒன்றரை மணி நேரம் 'சரி', 'தவறு' குறித்த தாளில் எப்படிக் கிடைக்கும்?

நிபுணர்களே ஒத்துப்போகாத இடங்களும் உண்டு. 'எல்' மதிப்பெண் மிக உயர்ந்திருப்பவர், அதாவது தன்னைக் குறையே இல்லாதவராகக் காட்டுபவர், பின்னால் அதிகம் சிக்கலில் மாட்டுகிறார் என்று சில ஆய்வுகள் சொல்கின்றன. எனக்கு அது நம்பத் தகுந்ததாகவே படுகிறது. ஆனால் கட்டுப்பாடான மதக் குடும்பத்தில் வளர்ந்தவருக்கும் அந்த மதிப்பெண் ஏறும் என்பதால், அதை மட்டும் வைத்து யாரையும் ஒதுக்க நான் சம்மதிக்க மாட்டேன். கலிபோர்னியா 2020-ல் சட்டத்தைத் திருத்தி, இனம், மதம், பாலினம் போன்றவற்றின் மீதான பாரபட்சத்தையும் இந்தப் பரிசோதனையில் பார்க்க வேண்டும் என்று சேர்த்தது. நோக்கம் நல்லது. பாரபட்சத்தைக் கேள்வித்தாளில் கேட்டு அளப்பது எவ்வளவு பலிக்கும் என்பதில் எனக்குப் பெரிய சந்தேகம் இருக்கிறது, ஏனென்றால் எது 'சரியான' பதில் என்று வருகிற எல்லோருக்கும் தெரியும். இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அமெரிக்கத் துறைகள் இந்தச் சோதனையை விடாமல் வைத்திருப்பதற்கு அது நன்றாகக் கணிக்கிறது என்பது மட்டும் காரணம் இல்லை. தகுதியற்றவரை எடுத்தீர்கள் என்று நாளை யாராவது நஷ்ட ஈடு வழக்குப் போட்டால், நாங்கள் பரிசோதித்துத்தான் எடுத்தோம் என்று நீதிமன்றத்தில் காட்ட ஒரு காகிதம் வேண்டும்.

இனி நம் ஊர். தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியத்தின் இரண்டாம் நிலைக் காவலர் எழுத்துத் தேர்வில் 'உளவியல்' என்று ஒரு பகுதி இருக்கிறதே, அது என்ன என்று சிலர் கேட்கலாம். பாடத்திட்டத்தை எடுத்துப் பாருங்கள்: தர்க்கப் பகுப்பாய்வு, எண் பகுப்பாய்வு, தகவலைக் கையாளும் திறன் என்று போகும். எண் தொடரில் அடுத்த எண் என்ன, அவருக்கு இவர் என்ன உறவு என்கிற ரகக் கேள்விகள்தான் பெரும்பாலும். அது திறனறித் தேர்வு. அதற்கும் நான் இதுவரை பேசிய ஆளுமைச் சோதனைக்கும் சம்பந்தம் இல்லை. ராணுவ அதிகாரிகளை எடுக்கும் எஸ்.எஸ்.பி.யில் படத்தைப் பார்த்துக் கதை எழுதுவது, 15 விநாடிக்கு ஒரு சொல்லாக 60 சொற்களுக்கு மனதில் பட்டதை எழுதுவது என்று உளவியல் பகுதி உண்டு. ஆனால் அது ஒரு சின்னக் கூட்டத்துக்கு ஐந்து நாள் நடக்கும் விஷயம். லட்சக்கணக்கில் விண்ணப்பம் வரும் காவலர் தேர்வுக்கு அதை நீட்ட வழியில்லை.

அமெரிக்கச் சோதனையைத் தமிழில் பெயர்த்து வைத்துவிடலாம் என்று யாராவது கிளம்பினால் தயவுசெய்து தடுங்கள். ஆவி பிடித்திருக்கிறதா, மற்றவர்களுக்குக் கேட்காத குரல் கேட்கிறதா என்கிற மாதிரிக் கேள்விகள் அங்கே நோயின் அறிகுறியாக எண்ணப்படும். வருடா வருடம் கோயில் கொடை விழாவில் சாமியாடும் குடும்பத்திலிருந்து வரும் பையன் அதற்கு நேர்மையாக 'சரி' என்று குறித்தால், அவனுக்கு ஒரு நோயும் இல்லாமலேயே மதிப்பெண் எகிறும். தமிழ் பேசும் கிராமத்து இளைஞர்கள், நகரத்து இளைஞர்கள், பெண்கள் எல்லோரிடமும் வைத்துப் பார்த்து, சராசரி எங்கே நிற்கிறது என்று கண்டுபிடிக்காமல் 65 என்ற கோட்டை இங்கே போட முடியாது. அப்புறம் கோச்சிங் சென்டர். ஆளுமைத் தேர்வு அறிவித்த மூன்றாவது மாதம் அதற்குக் கைடு வந்துவிடும். எல்லோரும் ஒரே மாதிரி நல்லவர்களாக எழுதுவார்கள். கைடு வாங்கக் காசில்லாதவர் மட்டும் உண்மையை எழுதி மாட்டிக்கொள்வார்.

ஸ்டேஷனில் அடிப்பது குறையுமா என்று கேட்டீர்கள். 2020 ஜூனில் சாத்தான்குளம் ஸ்டேஷனில் அடிபட்டு ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் இறந்த வழக்கில், சிபிஐ ஒன்பது காவலர்கள் மீது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. இன்ஸ்பெக்டரிலிருந்து கான்ஸ்டபிள் வரை அதில் இருக்கிறார்கள். ராட்னி கிங் விஷயத்திலும் சார்ஜென்ட் ஒருவர் அங்கேயே இருந்தார், சுற்றி இன்னும் பல காவலர்கள் நின்றார்கள். ஒரே ஸ்டேஷனில் இத்தனை பேருக்கும் ஒரே மாதிரிக் கோணலான ஆளுமை தற்செயலாக அமைந்தது என்று நான் நம்ப மாட்டேன். அங்கே அடிப்பது வழக்கம், மேலே இருப்பவர் கேட்க மாட்டார் என்ற நம்பிக்கை இருந்தால், சோதனையில் நல்ல மதிப்பெண் வாங்கி வந்த பையனும் ஒரு வருடத்தில் லத்தியைக் கையில் எடுப்பான், அல்லது வாயை மூடிக்கொண்டு நிற்பான். கைது செய்தால் என்னென்ன செய்ய வேண்டும் என்று டி.கே. பாசு வழக்கில் 1996-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எல்லா ஸ்டேஷனிலும் கேமரா வேண்டும் என்று 2020 டிசம்பரில் சொன்னது. அந்தக் கேமரா ஓடுகிறதா, பதிவை யார் பார்க்கிறார்கள் என்பது ஸ்டேஷனில் அடி விழுவதைக் குறைப்பதில் எந்த ஆளுமைத் தேர்வையும்விட அதிகம் வேலை செய்யும் என்பது என் உறுதியான கருத்து.

அதற்காக ஆளுமைச் சோதனையே வேண்டாம் என்று சொல்லவில்லை. தமிழ்நாட்டில் தொடங்குவதானால் இப்படித் தொடங்கச் சொல்வேன். அடுத்த பேட்ச் பயிற்சிப் பள்ளிக்கு வந்ததும், வேலை ஏற்கெனவே கிடைத்துவிட்டது, இதனால் யாருடைய வேலைக்கும் ஆபத்தில்லை என்று எழுத்தில் உறுதி கொடுத்துவிட்டு, தமிழிலேயே தயாரித்த ஒரு சோதனையை வைக்க வேண்டும். மதிப்பெண்ணைத் துறை பார்க்கக்கூடாது. ஒரு பல்கலைக்கழகத்திடம் பூட்டிக் கிடக்கட்டும். பயிற்சியாளர் குறிப்பு, தகுதிகாண் பருவ அறிக்கை, லீவு, சார்ஜ் மெமோ, பொதுமக்கள் புகார், எந்த ஸ்டேஷன், என்ன டியூட்டி, மேலே இன்ஸ்பெக்டர் யார் என்பதையெல்லாம் ஐந்து வருடம் சேர்க்க வேண்டும். பிறகு இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தால், எந்தக் கேள்வி எதைக் காட்டியது, எது ஒன்றுமே காட்டவில்லை என்று தெரிந்துவிடும். இன்ஸ்பெக்டர் யார் என்ற அந்த ஒரு கட்டத்தைப் படிவத்தில் விட்டுவிடாதீர்கள். காவலரின் ஆளுமை மதிப்பெண்ணைவிட அதுதான் அதிகம் கணிக்கும் என்பது என் எதிர்பார்ப்பு. தரவு வந்தபின் சரிபார்த்துக்கொள்ளலாம்.